தண்ணீர் இறங்கும் நேரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனசு லேசானது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம்.

ஏப்ரலில் நான்கு நாள் விடுப்பு எடுக்கிறாய், அமெரிக்காவில் ஆர்கன்சாவின் வைட் ரிவர் ஆற்றில் இறங்கி நின்று டிரவுட் மீன் பிடிக்க வேண்டும், எந்த நாள் எங்கே நிற்பது என்று இப்போதே அட்டவணை போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அறையை இப்போதே எடுத்துவிடு. மவுண்டன் ஹோமில் எடு, அல்லது காட்டர் பக்கம் எடு. அட்டவணை மட்டும் வேண்டாம். அந்த ஆற்றில் எங்கே நிற்கலாம் என்பதை அணைதான் தீர்மானிக்கும்.

மேட்டூர் நீர்திறப்புச் செய்தியைப் படித்துப் பழகிய உனக்கு இது சட்டென்று பிடிபடும். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கிறார்கள், அளவு நாள்கணக்கில் மாறும். வைட் ரிவரின் புல் ஷோல்ஸ் அணையில் மின்சாரத்துக்காகத் திறக்கிறார்கள், அளவு மணிக்கணக்கில் மாறும். 1951இல் கட்டி முடித்த அணை அது. எட்டு டர்பைன்கள். ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்துவிடும் நீர் கோடையிலும் சில்லென்றே வரும். முன்பு அந்த ஆற்றில் வாழ்ந்த வெதுநீர் மீன்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. அதனால்தான் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் பெரும்பங்கு, நம் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கும் அதே ரெயின்போ இனம். பெரிய உருப்படி வேண்டுமானால் பிரவுன் டிரவுட்.

ஒரு டர்பைன் முழுதாக ஓடினால் வினாடிக்கு ஏறக்குறைய 3,000 கனஅடி. எட்டும் ஓடினால் 24,000ஐத் தாண்டும். ஒன்றும் ஓடாமல் குறைந்தபட்ச நீர் மட்டும் வரும்போது, பரல்கல் பரவிய ஆழமில்லாத ஓட்டங்களில் முழங்காலிலிருந்து தொடைவரை தண்ணீர் இருக்கும். அதுதான் நமக்கான ஆறு. ஒரு டர்பைன் ஓடும்போது ஓரமாகச் சில இடங்களில் நிற்கலாம், அதுவும் அந்தத் தரையை அறிந்தவர்கள் மட்டும். இரண்டு ஓடினால் படகு பிடி, இல்லையென்றால் கரையில் இரு.

சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற மத்திய அமைப்பு, மறுநாள் எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கப்போகிறார்கள் என்பதை முந்தைய நாளே வெளியிடும். கணக்கு மெகாவாட்டில் இருக்கும். புல் ஷோல்ஸ் வரிசையில் உள்ள எண்ணை 45ஆல் வகுத்தால் தோராயமாக எத்தனை டர்பைன் என்று தெரிந்துவிடும். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதே, அது மதிப்பீடு மட்டுமே. எங்கேயாவது ஒரு மின்நிலையம் நின்றுபோனால் இங்கே சொல்லாமல் திறப்பார்கள். பொதுவாக வார இறுதியில் மின்தேவை குறைவு. குளிரும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இருக்கும் ஏப்ரல் நாட்களிலும் குறைவு. ஆகவே விடுப்பு நான்கு நாள்தான் என்றால் வெள்ளி முதல் திங்கள் வரை எடு.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஏரி மட்டத்தைப் பார்த்துக்கொண்டிரு. கடல் மட்டத்திலிருந்து 659 அடியை ஒட்டி இருந்தால் நல்லது. வெள்ளக் கொள்ளளவு 695 அடி வரை. மட்டம் 659ஐ நன்றாகத் தாண்டிவிட்டால், மின்தேவை இருக்கிறதோ இல்லையோ, இரவு பகலாகத் திறந்து ஏரியைக் குறைப்பார்கள். மேலே உள்ள பீவர், டேபிள் ராக் ஏரிகளையும் சேர்த்துப் பார், அங்கே நிரம்பிக் கிடக்கும் நீர் அடுத்து இங்கேதான் வரும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கீழே நியூபோர்ட் ஊரில் ஆற்றின் உயரத்தை அளக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் கனமழை பெய்து நியூபோர்ட்டில் ஆறு ஏறினால், அங்கே வெள்ளத்தைக் கூட்டாமல் இருக்க மேலே அணையில் திறப்பைக் குறைத்துவிடுவார்கள். பெருமழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் அணையை ஒட்டிய பகுதி கால் வைத்து நடக்கும் அளவுக்கு இறங்கிக் கிடப்பது இப்படித்தான். மழைச் செய்தியைப் பார்த்து அவசரப்பட்டு அறையை ரத்து செய்துவிடாதே.

அணை திறந்ததும் நீர் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஏறாது. ஏறும் அலை மணிக்கு மூன்று, நான்கு மைல் வேகத்தில் கீழே போகும், அதிக டர்பைன் ஓடினால் இன்னும் வேகமாகப் போகும். நாம் ஆற்றில் இறங்கும் இடங்களில், வைல்ட்கேட் ஷோல்ஸ் அணையிலிருந்து ஏறக்குறைய 12 மைல், காட்டர் 18, ரிம் ஷோல்ஸ் 24. நள்ளிரவில் டர்பைன்கள் நின்று காலை 10 மணிக்கு மீண்டும் ஓடும் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள். விடிந்ததும் அணைக்குக் கீழே மாநிலப் பூங்காவில் இறங்கு. ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடு. காரை எடுத்துக்கொண்டு ரிம் ஷோல்ஸுக்குப் போனால், ஏறும் அலை அங்கே வர மாலை நான்கு ஆகும். நீ இரண்டரை மணிக்குக் கரையேறிவிட வேண்டும். இறங்கும் நீர் ஏறும் நீரைவிட மெதுவாகத்தான் நகரும், அதனால் அதிகாலையில் ரிம் ஷோல்ஸுக்குப் போனால் இன்னும் வடியாமல் நிறைந்தே இருக்கும். இந்த வரிசையை மாற்றிப் போகிறவர்களுக்கு இரண்டு இடத்திலும் நிற்க முடிவதில்லை.

அணையின் சங்கு அணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். காட்டரில் நிற்கும் உனக்குக் கல்தான் சங்கு. இறங்கியதும், தலை மட்டும் உலர்ந்து வெளியே தெரியும் ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார். அதன் தலை நனைந்திருந்தால் மீன் தூண்டிலில் இருந்தாலும் கிளம்பு. அதற்கு முன்பே வேறு அறிகுறிகளும் வரும்: தெளிந்த நீரில் திடீரென்று புல்லும் சருகும் மிதந்து வரும், கல்லில் நீர் சலசலக்கும் ஓசை அடங்கிப்போகும். வாய்க்கால் ஒன்றைக் கடந்து நடுத்திட்டில் போய் நிற்கவே நிற்காதே. நீர் முதலில் ஏறுவது அந்த வாய்க்காலில்தான், திட்டு அப்புறம்தான் மூழ்கும். கார் நிற்கும் பக்கமே நின்றுகொள்.

நடக்கும்போது பக்கவாட்டில் நட, காலைத் தூக்காமல் தரையைத் தேய்த்தபடி நகர்த்து. நீரோட்டம் முதுகைத் தள்ளும்போது ஆழத்தை நோக்கிச் சரியும் பரல்மேட்டில் கால் வைத்தால், பரல் உருளும், திரும்பி ஏற முடியாது. விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் கீழ்நோக்கி இருக்க மித, முழங்கால் அளவு வரும்வரை எழ முயலாதே. மார்பு வரை போடும் நீர்புகா உடையான வேடர்ஸுக்குள் புகுந்த நீர் ஆளை அடியில் இழுக்காது, ஆனால் கரையேறும்போது கல்லாகக் கனக்கும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் உள்ளே புகும் நீர் குறையும். ஊன்றுகோலும் காற்றடைத்த மிதவை அங்கியும் கட்டாயம் வேண்டும். நீர் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும், உள்ளே கம்பளி போடு. ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளி பதித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்காதே, ஆணி பதித்த ரப்பர் வாங்கு. டிடிமோ என்ற பாசி அந்த ஆற்றில் இருக்கிறது. அந்த ஃபெல்ட் அதை ஈரத்தோடு அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகும்.

தூண்டிலுக்கு 9 அடிக் கோல், ஐந்தாம் எண் எடை, மிதக்கும் நூல். முனையில் லீடர் என்ற 9 அடி மெல்லிழை, அதன் நுனியில் 5 எக்ஸ் தடிமன் தங்கூசி. நீர் தெளிந்து ஓட்டமும் மந்தமானால் இன்னும் மெல்லிய 6 எக்ஸ். எந்த ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) என்று தெரிய, இறங்கியதும் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைத் திருப்பிப் பார். சாம்பல் நிறத்தில் தட்டையாக, ஏழு ஜோடிக் காலோடு ஊர்வது சோபக். அது ஆண்டு முழுக்க உண்டு, 14 அல்லது 16 எண் முள்ளில் கட்டிய சாம்பல் ஃப்ளை போதும். அதே கல்லில், செடித் துணுக்குகளைக் குறுக்கே அடுக்கிக் கட்டிய, நான்கு பட்டையாக ஒரு முனை சிறுத்த குழல்கள் ஒட்டியிருக்கும். அது காடிஸ் பூச்சியின் வீடு. வாய் திறந்திருந்தால் உள்ளே இன்னும் புழு. வாய் மூடியிருந்தால் கூட்டுப்புழு, சில வாரத்தில் பறக்கும். நீர் 10 டிகிரியைத் தாண்டும்போது பறக்கத் தொடங்கும், கீழ்ப்பகுதியில் முதலில், பிறகு நாளுக்கு நாள் அணையை நோக்கி. அணைக்கருகே குளிர் அதிகம் என்பதே காரணம். பறக்கும் நாளில் எல்க் ஹேர் காடிஸ் என்ற மிதக்கும் ஃப்ளை, 14 எண். அதற்கு முன் கூட்டுப்புழு வடிவ பியூபா ஃப்ளை.

அடியில் விடும்போது இரண்டு ஃப்ளை கட்டு, இடையே 18 அங்குலம். மேலே ஈயக்குண்டு ஒன்று, அதற்கும் மேலே நீராழத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில் தக்கை. ஃப்ளை அவ்வப்போது தரையைத் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஈயம் போதாது, எடுத்ததெல்லாம் சிக்கினால் ஈயம் அதிகம். மீன் எடுக்காததற்குப் பெரும்பாலும் ஃப்ளை காரணமல்ல, இழுவைதான் காரணம்: நடு ஓட்டம் நூலை முந்தி இழுக்க, ஃப்ளை குறுக்கே ஓடும். நூலைத் தூக்கி மேல்நோக்கிப் போட்டுக்கொண்டே இரு. தக்கை முங்கும் என்று காத்திருக்காதே, ஒரு கணம் தயங்கினாலே கோலை உயர்த்து.

வைட் ரிவர் ஏறிக் கிடந்தால் மாற்று நார்ஃபோர்க் அணைக்குக் கீழே. ஐந்து மைலுக்கும் குறைவான ஆறு, இரண்டே டர்பைன், அட்டவணையும் தனி. சின்னவனைக் கூட்டி வந்தால் மீன்பண்ணை ஓரத்து டிரை ரன் கிரீக்குக்குப் போ. 16 வயதுக்கு உட்பட்டவர்களும், நடமாடச் சிரமப்படும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் பிடிக்கலாம், பிடித்ததை விட்டுவிட வேண்டும். நீ கோல் பிடிக்க முடியாது, வலை பிடிக்கலாம்.

மீன்பிடி உரிமத்தோடு டிரவுட் அனுமதியும் தனியாக வாங்கு. ரிம் ஷோல்ஸில் பிடித்ததை விட வேண்டும், முள்ளில் பின்னோக்கிய பல் இருக்கக் கூடாது. வீட்டிலேயே குறட்டால் எல்லாவற்றையும் நசுக்கிவிடு. மற்ற இடங்களின் அளவு, எண்ணிக்கை விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்.

பூட்ஸை நான் இங்கேயே வாங்கிவைக்கிறேன். வேடர்ஸின் காலுறை தடிமனாக இருக்கும், ஆகவே வழக்கமான அளவைவிட ஒன்று கூட்டிச் சொல். மார்ச் கடைசி வாரம் ஏரி மட்டம் என்ன என்று எழுது, எந்த நான்கு நாள் என்பதை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்