மாரா ஆற்றங்கரைக்குக் குழு அழைத்து வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கென்யா சுற்றுலா நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் நைரோபியில் பல வருடங்களாக இருப்பவன். விலங்குக் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரை, மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் தமிழ்க்குரல் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். சென்ற ஆகஸ்டில் ஆற்றங்கரையில் பார்த்ததற்குப் பிறகு அந்தச் சந்தோஷம் இல்லை. அங்கே வண்டிகள் முண்டியடிப்பது உங்களுக்கே தெரியும், விதிகளும் தெரியும். அதனால் நேராகக் கேட்கிறேன்: விலங்குகள் கரையேறும் பாதையை விட்டு வண்டிகளைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று ஒரு வரிக்குதிரைக் குடும்பம் ஆற்றில் இறங்கியது. முன்னால் மூத்த பெண், பின்னால் மற்றப் பெண்கள், கடைசியில் காவலாக ஆண். நடுவில் ஒரு குட்டி, வரிகள் இன்னும் கறுக்காமல் பழுப்பாகவே இருந்தன. எங்கள் பக்கக் கரையில் ஏற, மண்சரிவில் ஒரே ஒரு தடம்தான். பெண்கள் ஏறியதும் ஐந்தாறு வண்டிகள் படம் எடுக்க அந்தத் தடத்தின் வாயிலுக்கே வந்து நின்றுவிட்டன. பாதி ஏறிய குட்டி மிரண்டு மறுபடி தண்ணீரில் விழுந்தது. ஆண் வேறொரு பக்கம் முட்டிமோதி ஏறியது. குட்டியை நீர் இழுத்துக்கொண்டு போனது. தாய் வண்டிகளுக்கு நடுவே புகுந்து கரை விளிம்பில் நின்று, நாய் குரைப்பது போல விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்திலும் கேமராக்கள் ஓயவில்லை.

அந்தத் தாய் ஒரு வருடத்துக்கும் மேல் அதை வயிற்றில் சுமந்திருக்கும். பிறந்த கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கும் குட்டியை, முதல் சில நாட்கள் தன் குடும்பத்தைக்கூட நெருங்கவிடாமல் வைத்திருக்கும். தன் வரியும் வாசமும் குரலும் குட்டியின் மனதில் பதியத்தான் அப்படி. தாயைத் தொலைத்த குட்டிக்கு வேறு பெண்கள் பொதுவாகப் பால் கொடுப்பதில்லை. நீங்கள் மறித்த தடம் அதற்கு உயிர்.

"வரிக்குதிரைதானே, சிங்கம் எங்கே?" என்று வண்டிக்குள் ஒருவர் கேட்டார். அந்தச் சமவெளியின் முற்றிய உயரமான புல்லை முதலில் மேய்ந்து கொடுப்பது வரிக்குதிரைதான். அடியில் இருக்கும் இலை பின்னால் வரும் வில்டபீஸ்ட்டுகளுக்கு (மாடு போன்ற பெரிய மான் இனம்) கிடைப்பது அதனால்தான். முற்றிய புல்லில் சத்து குறைவு என்பதால் பகலில் பெரும்பகுதி மேய்ந்தாக வேண்டும், இரவிலும் மேயும். தூங்கும்போதும் ஒன்று விழித்துக் காவல் நிற்கும். இதையெல்லாம் சொல்லித் தராமல் சிங்கத்தை மட்டும் காட்டி என்ன பயன்? பயணத் திட்டத்தில் "ஆறு கடப்பதை மிக அருகில் காணலாம்" என்று போடுகிறீர்கள். ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருங்கிப் போனால் டிப்ஸ், தள்ளி நின்றால் திட்டு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையிலேயே குழுவிடமும் ஓட்டுநரிடமும் ஒன்றாகச் சொல்லிவிடுங்கள்: தடத்தை மறிக்கக் கூடாது, கடைசிக் குட்டி ஏறும்வரை வண்டி அசையக் கூடாது. தள்ளி நிறுத்திய ஓட்டுநருக்கு டிப்ஸைக் கூட்டிக் கொடுங்கள். அடுத்த ஜூலைக்குள் இதைச் செய்யுங்கள், தயவுசெய்து.

அன்புடன்,
நைரோபியிலிருந்து ஒரு தமிழன்