நீங்கள் விற்ற எஞ்சின் என் டிராக்டருக்குப் பொருந்தவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "பதிவு செய்துகொண்டோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது, அதோடு சரி. அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன்.

நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது 1958ஆம் ஆண்டு மாஸி ஃபெர்குசன் 35. அறுபதுகளில் பெரிய தோட்டங்களைப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது வேலையும் போய், இருந்த வீடும் போய், கைக்கு வந்த பணத்தில் தாத்தா இதை வாங்கினார். அதற்குப் பாட்டி திட்டிய திட்டு இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பேச்சு. அதில் இருந்தது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நாலு சிலிண்டர் 23சி டீசல். இங்கிலாந்துக் குளிரில் லேசில் கிளம்பாது என்று பேர் வாங்கிய எஞ்சின். கடைசிக் காலத்தில் எங்கள் ஊர் வெயிலிலேயே கிளம்பவில்லை. மாஸி கம்பெனியே பிறகு அதை விட்டுவிட்டு பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கு மாறியது, நானும் அந்த பெர்கின்ஸைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். "அதுவும் பழசுதான் அண்ணே, புதுசு போடுங்க, பழைய கியர்பாக்ஸோட சேர்க்கிற அடாப்டர் பிளேட்டோட வரும், போல்ட்டு போட்டா ஓடும்" என்றது உங்கள் விற்பனையாளர்தான். 14,800 ரிங்கிட் கட்டினேன்.

இந்த டிராக்டருக்கு லோரி மாதிரி சேசிஸ் கிடையாது. முன் அச்சு, எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு என்று ஒன்றோடு ஒன்றை போல்ட் போட்டு இறுக்கியதுதான் வண்டியே. நடுவில் இருக்கும் எஞ்சின் இழுக்கவும் வேண்டும், பாரத்தைத் தாங்கவும் வேண்டும். பழைய எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்ப் கனமான வார்ப்பு, நீங்கள் அனுப்பியதற்கு வெறும் தகர சம்ப். அப்படியென்றால் பாரம் தாங்க இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வேண்டாமா என்று நான் கேட்டதும், "தேவையில்லை" என்று நீங்கள் சொன்னதும் இன்னும் என் போனில் இருக்கிறது. மூன்று வாரத்தில் வண்டி இடுப்பு ஒடிந்தது போல நடுவில் தொய்ந்துவிட்டது. பிளேட்டும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மேலே முடி நுழையாது, கீழே பத்து சென் காசு நுழைகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது வேகம். வேகக் கைப்பிடியை எங்கே வைத்தாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில்தான் கத்துகிறது. மாட்டிய அன்றைக்கே கேட்டேன், "புது எஞ்சின் அப்படித்தான் இருக்கும், போகப் போக அடங்கும்" என்றார் உங்கள் மெக்கானிக். எஞ்சின் என்ன கைக்குழந்தையா, வளர வளர அடங்குவதற்கு? பிறை தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார், "மச்சான், இது ஜென்செட்டுக்குச் செஞ்சது." ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைப்பதற்காக 3,000 சுற்றிலேயே நிற்கும்படி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கட்டி வைத்த எஞ்சின். இந்த டிராக்டரில் எஞ்சின் சுமார் 1,500 சுற்று ஓடினாலே பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ. 540 சுற்றை எட்டிவிடும், அப்படியானால் 3,000க்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது தெரிவதற்கு முன்பே நான் புல்வெட்டியை மாட்டிவிட்டேன். பத்து விநாடிகூட ஓடியிருக்காது, பாரம் மீறினால் தானே அறுந்துபோகும் ஷியர் போல்ட் அறுவதற்குள் பிளேடு அடித்த கல் கோழிக்கூண்டின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அம்மா முட்டை எடுத்துவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

இதற்கு உங்கள் ஆள் போனில் சொன்ன பரிகாரம், அடுத்த முறை வாங்கும்போது 300 ரிங்கிட் கழிவு. இன்னொரு எஞ்சின் வாங்கி நான் எந்த டிராக்டரில் மாட்டுவது?

எனக்கு வேண்டியது இதுதான். ஒன்று, எஞ்சினையும் பிளேட்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 14,800 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுங்கள். இல்லை, பாரம் தாங்கும் சட்டமும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிராக்டர் கவர்னரும் கொண்டுவந்து நீங்களே மாட்டி, என் எதிரில் ஓட்டிக் காட்டுங்கள். 14 நாள் தருகிறேன். அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயம்தான். வியாபாரத்துக்கு அல்ல, வீட்டுத் தேவைக்கு வாங்கியது, அங்கே 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவேன் என்று நினைத்திருந்தால், அங்கே வக்கீலே வேண்டாம்.

இன்னொன்று. பழைய எஞ்சினைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வதாக உங்கள் ஆள் இரண்டு முறை கேட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை. கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், அதைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டாம்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலையில் அனுப்புங்கள், இப்போதெல்லாம் இங்கே சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. கொட்டகைக்குப் போகும் பாதை மண் பாதை, லோரி உள்ளே வராது.

இப்படிக்கு,
நிபோங் திபால் வாடிக்கையாளர்
இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல், படங்கள் நான்கு