எந்தப் பக்கம் மறைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு வானத்தில் ஓடிய தீப்பந்து யாழ்ப்பாணம் நாவாந்துறைக் கடலில் விழுந்ததாக உங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. பொன்னாலைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற நானும் அதைப் பார்த்தேன். நிலவில்லாத இரவு; வீதியில் என் நிழல் விழுந்து நகர்ந்தது. பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர், "பரா லைட் அடிக்கிறாங்களோ தம்பி?" என்று கேட்டார். போர்க்காலத்தில் பரசூட்டில் தொங்கவிட்டு வானத்தில் எரியவைத்த வெளிச்சக் குண்டுதான் பரா லைட்; எங்கள் ஆட்களுக்கு முதலில் வருகிற நினைவு அதுதானே. ஆனால் பரா லைட் தொங்கித் தொங்கி இறங்கும். இது பச்சையாகப் பாய்ந்து, நான்கு விநாடிக்குள் தென்மேற்கில் அணைந்துவிட்டது.

என் கண்ணுக்கு அது அனலைதீவுக்குப் பின்னால் விழுந்தது போல இருந்தது. வல்வெட்டித்துறையில் பார்த்தவர்களுக்கு நாவாந்துறைப் பக்கம். நெடுந்தீவில் இருக்கும் நண்பரோ, இன்னும் தென்மேற்கே போனது என்கிறார். இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட எரிகற்கள் தரையிலிருந்து 80, 100 கிலோமீற்றர் உயரத்திலேயே எரியத் தொடங்குகின்றன. விநாடிக்கு 11 கிலோமீற்றருக்குக் குறையாத வேகம். எவ்வளவு தொலைவில் எரிந்தாலும், பனைமரத் தலைக்குக் கீழே மறைந்தால் அடுத்த ஊரில் விழுந்த மாதிரித்தான் தெரியும். மூன்று இடத்துக்காரரும் தென்மேற்குப் பக்கமே கை காட்டுவதால், அது மன்னார் வளைகுடாவுக்கு மேலே எங்கேயோ அணைந்திருக்கும் என்பது என் ஊகம். பெரும்பாலும் கல்லாக எதுவும் மிஞ்சுவதும் இல்லை.

வெளிச்சத்தோடு சேர்ந்தே வெடிச்சத்தம் கேட்டதாக வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. 80 கிலோமீற்றரைக் கடந்து வர ஒலிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் வேண்டும். அவர் கேட்டது வேறு ஏதாவது வெடியாக இருக்கலாம்.

புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு விண்மீன் விழுந்ததைச் சொல்கிறார். பங்குனியின் முதற்பாதி, நள்ளிரவு, எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது இறங்கியது, விழுந்தது கிழக்கேயும் போகவில்லை வடக்கேயும் போகவில்லை என்று எல்லாம் இருக்கிறது. அதை வைத்துச் சேர மன்னனின் உயிருக்கு அஞ்சினார் என்பது வேறு கதை. எனக்கு வந்த வட்ஸ்அப் செய்திகளில் 'ஏலியன்' இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது, திசை மட்டும் இல்லை.

அடுத்த முறை இப்படி ஒன்று நடந்தால், நின்ற இடம், நேரம், தோன்றிய திசை, மறைந்த திசை, எத்தனை விநாடி, சத்தம் கேட்டதென்றால் எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். வருகிற பதில்களை யாழ் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைக்கு அனுப்பலாம்.

அதற்கு முன் இன்னொன்று. இப்போது கடைக்குக் கடை சிசிரிவி கமரா இருக்கிறது. 1959இல் செக்கோஸ்லோவாக்கியாவில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களை வைத்துத்தான் ஒரு எரிகல் வந்த பாதையைக் கணக்கிட்டார்கள். பிறகு அதன் துண்டுகளும் கிடைத்தன. வெள்ளி இரவின் பதிவு இருப்பவர்கள் அதைப் பிரதி எடுத்து வைக்கட்டும்; கமராவின் மணிக்கூடு எவ்வளவு முந்தி அல்லது பிந்தி ஓடுகிறது என்பதையும் போனோடு ஒப்பிட்டுக் குறிக்கட்டும். சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும் என்பதால், இந்தக் கடிதத்தை நாளைக்கே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைநகர்.