வேடியப்பன் கதையும் சான்றுதான்

ஐயா,

பாட்டி கதை வரலாறாகாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. 1912 முதல் 1914 வரை அன்ஸ்கி என்ற யூத எழுத்தாளர் இன்றைய உக்ரைனின் சிற்றூர்களில் சுற்றிக் கதைகளைத் திரட்டினார், பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார். 1648இல் அங்கே யூதர்கள்மேல் நடந்த படுகொலையில், கல்யாணத்தன்றே கொல்லப்பட்ட மணமக்களின் சமாதி இது என்று ஊருக்கு ஊர் ஒன்றைக் காட்டினார்களாம். அத்தனையும் நிஜமா? சந்தேகம்தான். ஆனால் இருநூற்றைம்பது வருடம் அந்தத் துக்கத்தை எப்படிச் சுமந்தார்கள் என்பதை எந்த அரசு ஆவணம் சொல்லும்?

எங்கள் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். கல்லில் உள்ள எழுத்தை அறிஞர்கள் படித்துவிட்டார்கள். என் மாமியார் சொல்லும் வேடியப்பன் கதையை இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. அவருக்கு வயதாகிறது.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்னாகரம்