குடலின் நுண்குழாய்கள்: தில்லியில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். முனிர்க்காவில் குடியிருக்கிறேன், தில்லி மருத்துவமனை ஒன்றின் அறுவை ஐசியூவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எம்.டி., எம்.எஸ். மாணவர்களுக்குத் தீசிஸ் தலைப்பு கொடுக்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

டைபாய்டிலும் காசநோயிலும் குடல் ஓட்டையாகி வருகிறவர்கள் நம் வார்டுகளில் ஓய்வதே இல்லை. பலருக்குச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து, மலம் வெளியேற ஸ்டோமா என்ற திறப்பு வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் டார்ச் அடித்து அதன் நிறத்தைப் பார்ப்பது எங்கள் வேலை. செக்கச்செவேலென்று ஈரமாக இருந்தால் நிம்மதி. ஊதா பூத்துக் கறுக்கத் தொடங்கினால் நடு ராத்திரியானாலும் சர்ஜனுக்குப் போன் போகும்.

எனக்குக் கவலை தருவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரினலின் மருந்து ஓடுகிறது, சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தாண்டிவிட்டது, மானிட்டரில் குறையில்லை. ஸ்டோமா மட்டும் மங்கிப்போய்க் கிடக்கும். ஷாக் வந்தால், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை வந்தால், இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடம்பு முதலில் கைவைப்பது குடலுக்குப் போகும் ரத்தத்தில்தான். பெரிய குழாய்களில் அழுத்தம் மீண்டாலும், குடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளுக்குள் இருக்கும் நுண்குழாய்களில், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில், ஓட்டம் மீளாமல் போகலாம். மேலேறும் ரத்தத்தின் ஆக்சிஜன் பக்கத்தில் இறங்கும் ரத்தத்துக்கு வழியிலேயே கசிந்துவிடுவதால், உறிஞ்சியின் நுனி நல்ல நாளிலேயே பற்றாக்குறையில்தான் இருக்கிறது.

வெளிநாடுகளில் இந்த ஆய்வு வெகுதூரம் போய்விட்டது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் இந்த நுண்குழாய் வலை பாதியில் நின்றுவிடுகிறது, குடல் பாக்டீரியாவைக் கொடுத்தால் 10 நாளில் முழுமையாகிறது என்று 2002-இல் செயின்ட் லூயிஸில் கண்டார்கள். குடல் பாக்டீரியா ரத்தத்தில் கலக்காமல் குழாய்ச் சுவரே தடுத்து நிற்கிறது என்றும், டைபாய்டு கிருமியின் இனமான ஒரு சால்மொனெல்லா அந்த அரணை உடைக்கிறது என்றும் 2015-இல் மிலான் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு. வயிற்றுத் தொற்றால் செப்சிஸ் (தொற்றுக்கு எதிராக உடம்பு கட்டுமீறி வினைபுரிந்து உறுப்புகள் கெடும் நிலை) வந்த 23 பேரின் நாக்கடியிலும் ஸ்டோமாவிலும் கையடக்கக் கருவியை வைத்து நுண்குழாய் ஓட்டத்தைப் பார்த்தார்கள். முதல் நாளில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. மூன்றாம் நாளில்தான் ஒத்துப்போயின. நெருக்கடியான அந்த முதல் நாளில் குடலின் நிலை தெரிய வேண்டுமென்றால் குடலைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க ஏற்ற நோயாளிகள் நம்மிடம் எத்தனை பேர்! ஆனாலும் எங்கள் சார்ட்டில் 'ஸ்டோமா ஹெல்தி' என்ற ஒரே வரியோடு அது முடிந்துபோகிறது. நோயாளியின் சம்மதத்தோடு, அதே படுக்கையில், அந்த நிறத்தையும் நுண்குழாய் ஓட்டத்தையும், ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டையும் சேர்த்துப் பதிவு செய்யலாமே. ட்யூப் வழியே உணவை எப்போது தொடங்குவது என்று ரவுண்ட்ஸில் நாம் தினமும் தடுமாறும் கேள்விக்கும் அதில் ஒரு பிடி கிடைக்கலாம்.

அடுத்த பேட்ச்சில் ஒரு மாணவருக்காவது இந்தத் தலைப்பைக் கொடுங்கள். கருவிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரிடம் நிதி கேளுங்கள். ராத்திரி ரீடிங் எடுக்க நர்ஸுகள் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஐசியூ நர்ஸ்,
புது தில்லி