ஜாமீனை நீதிபதியிடம் விடுங்கள்

மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கும், மலேசிய மக்களவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சட்டம் படித்ததில்லை. ஆனால் சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் 13-ஆம் பிரிவு மட்டும் எனக்கு மனப்பாடம். பாதுகாப்புக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு ஜாமீன் வழங்கப்படக் கூடாது என்கிறது அது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அதை நான் முதலில் கேட்டது ஒரு நீதிமன்ற வளாகத்தில். என்னிடம் படித்த பையன் ஒருவன், லாரி ஓட்டுபவன், குண்டர் கும்பலைச் சேர்ந்தவன் என்று பிடிபட்டு, 28 நாள் போலீஸ் காவலில் இருந்துவிட்டு அன்று குற்றஞ்சாட்டப்பட்டான். அவன் மனைவி தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்து நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொண்டுவந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் நகைக்கடைக்காரர்கள் தரும் சிறிய சிவப்புப் பை. அதற்குள் பணம், அடகுச் சீட்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம். பிறப்புப் பத்திரத்தை ஏன் எடுத்து வந்தாள் என்று நான் கேட்கவில்லை. "எந்தக் கவுண்டரில் கட்ட வேண்டும் டீச்சர்?" என்று அவள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளே எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வழக்கறிஞர் வெளியே வந்து, "இது சொஸ்மா வழக்கு அம்மா, இதற்கு ஜாமீன் கிடையாது" என்றார். அவளுக்குப் புரியவில்லை. பையைத் திறந்து காட்டி, "இது போதாதா? இன்னும் எவ்வளவு வேண்டும்?" என்றாள்.

அடகுக் கடையில் தவணை ஆறு மாதம். அதற்குள் மீட்க முடியாமல் சங்கிலி மூழ்கிப் போனது. வழக்கில் அதுவரை ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை.

அவன் குற்றமற்றவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியாது. தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவின்படி குற்றம் நிரூபணமானால் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், இருபது ஆண்டுகள் வரை சிறை. நிரூபித்தால் அனுபவிக்கட்டும். குண்டர் கும்பல்கள் எங்கள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வகுப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் இருபத்தோரு வயதில் பாராங் கத்தியால் வெட்டுப்பட்டுச் செத்தான். அவன் அம்மாவையும் எனக்குத் தெரியும். வெட்டியவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்பதில் அவளுக்கும் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் தண்டனையைத் தீர்ப்புக்குப் பிறகு கொடுங்கள். என் மாணவன் தீர்ப்பு வராமலேயே இரண்டு தீபாவளிகளைச் சிறையில் கழித்துவிட்டான். குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாமா என்று அவன் இப்போது மனைவியிடம் கேட்கிறான். செய்ததால் ஒப்புக்கொள்கிறானா, களைத்துப்போய் ஒப்புக்கொள்கிறானா என்பதை அதன் பிறகு எந்த நீதிமன்றத்தால் கண்டுபிடிக்க முடியும்?

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்யூனிஸ்டுகளைச் சமாளிக்க என்று 1960-இல் வந்த, விசாரணையே இல்லாமல் சிறை வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1987-இல் லாலாங் நடவடிக்கை என்ற கைது வேட்டையில் அரசியல்வாதிகளையும் சமூக ஆர்வலர்களையும் அள்ளிக்கொண்டு போனது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. பிரதமர் அன்வார் இப்ராஹிமே 1974-இல் அதே சட்டத்தின் கீழ் இருபது மாதம் உள்ளே இருந்தவர். அதை ரத்து செய்வதாக 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இரவு அறிவிப்பு வந்தபோது, எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். அடுத்த ஆண்டு அதன் இடத்தில் சொஸ்மா வந்தது.

விசாரணை இல்லாத சிறை இனி இல்லை என்றார்கள். அது உண்மை, விசாரணை இருக்கிறது. அரசியல் காரணத்துக்காக மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இருந்தும் 2016 நவம்பரில், நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பேரணிக்கு முதல் நாள், அதன் தலைவர் மரியா சின் அப்துல்லாவைப் பிடித்துப் பத்து நாள் வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள். அந்த வழக்கில்தான், நவம்பர் 29-ஆம் தேதி, உயர் நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். 2020 பிப்ரவரியில் பன்னிரண்டு பேர் மீதும் இருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவர்கள் சிறையில் கழித்த மாதங்களுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? அந்தத் தீர்ப்பு வந்தும் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

உறுப்பினர்களே, 2023 ஏப்ரலில் நீங்கள் செய்த ஒரு காரியத்தை நினைவுபடுத்துகிறேன். கட்டாய மரண தண்டனையை நீக்கினீர்கள். அதுவரை நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. குற்றம் உறுதியானால் தூக்கு. இனி முன்னால் நிற்பவனைப் பார்த்து, அவன் செய்ததை எடைபோட்டு நீதிபதியே முடிவு செய்யட்டும் என்று வாக்களித்தீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வழி திறந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஒருவனைத் தூக்கிலிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய நீதிபதியை நம்புகிறீர்கள். ஒரு லாரி ஓட்டுநர் வழக்கு முடியும் வரை வீட்டில் தூங்கலாமா என்று முடிவு செய்ய மட்டும் அவரை நம்ப முடியவில்லையா?

வெளியே விட்டால் சாட்சிகளை மிரட்டுவார்கள், ஓடிவிடுவார்கள் என்று காவல்துறை சொல்கிறது. சில பேர் செய்வார்கள்தான். அப்படிப்பட்டவனுக்கு ஜாமீன் வேண்டாம் என்று அரசுத் தரப்பு நீதிபதியிடம் காரணம் காட்டட்டும், நீதிபதி மறுக்கட்டும். பெண்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், நோயாளிகள் ஆகியோரைப் பயங்கரவாதம் அல்லாத வழக்குகளில் மின்னணுக் கண்காணிப்புக் கருவியோடு ஜாமீனில் விட இதே 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. கருவியும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது. 2018 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு நீதிமன்றம் பத்து லட்சம் வெள்ளி ஜாமீன் கொடுத்தது. அவர் விசாரணைக்கு வந்தார், தீர்ப்பைக் கேட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சட்டம் அப்படித்தான் நடக்க வேண்டும். சிவப்புப் பையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கும் அப்படி நடந்திருக்க வேண்டும்.

30-ஆம் பிரிவையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும், மேல்முறையீடு செய்யப் போகிறோம் என்று அரசுத் தரப்பு கேட்டால் அவனைத் திரும்பச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. நான் இதை அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

28 நாள் காவலுக்கான அனுமதியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள்தான் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச்சில் 86-க்கு 84 என்று அதைத் தோற்கடித்தீர்கள், நான்கே மாதத்தில் திரும்பவும் கொண்டுவந்து நிறைவேற்றினீர்கள். அந்த நீட்டிப்பு 2027 ஜூலை இறுதியோடு முடிகிறது. சட்டத்தைத் திருத்தப்போவதாக அமைச்சர் பலமுறை சொல்லியிருக்கிறார். திருத்தத்தில் மற்றவை எப்படி இருந்தாலும், 13-ஆம் பிரிவில் இருக்கும் தடையை எடுத்துவிடுங்கள், 30-ஆம் பிரிவை நீக்குங்கள். தேதி போடாமல் ஒத்திவைக்காதீர்கள்.

அந்த மசோதா அவைக்கு வரும் நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்கார நாங்கள் வருவோம். எங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் நான்கு பெயர் கொடுத்திருக்கிறோம்: நான், அந்தப் பெண், அவள் மாமியார், பாராங் வெட்டில் மகனை இழந்த அந்த அம்மா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
கிள்ளான், சிலாங்கூர்