எதிர் நாற்காலியில் உட்காரப்போகும் மகளுக்கு

கொருக்குப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலர்,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லாதே, தபாலில்தான் வரும். ஓசூருக்கு இன்னும் தபால் போகிறதுதானே.

உங்கள் கம்பெனியில் ஆட்கள் சங்கம் ஆரம்பித்து, ஊதிய ஒப்பந்தம் கேட்டுக் கோரிக்கைப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். அதற்கு உங்கள் மேலிடம், லைனுக்கு ஒருவர் என்று நாமே பொறுக்கி ஒரு தொழிலாளர் கமிட்டி போடுவோம், அவர்களோடு பேசி முடித்துக்கொள்வோம் என்கிறது. பட்டியல் போடும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் பட்டியலை நீ போடாதே. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஏன் என்றுதான் மீதிக் கடிதம்.

நீ ஹெச்.ஆர். வேலைக்குப் போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சங்க ஆபீஸில் டைப் அடித்தவள் மகள் நிர்வாகத்துக்குப் போய்விட்டாள் என்று தோழர்கள் சிலர் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். மேசைக்கு இரண்டு பக்கம் இருந்தால்தானே பேச்சுவார்த்தை. அந்தப் பக்கம் விவரம் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. அந்தப் பக்கத்தில் விவரம் தெரியாதவர்கள் உட்கார்ந்து ஒரே பக்கத்தை நாலு முறை திருப்பி அடிக்க வைத்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

உன் தாத்தா சென்னைப் பட்டாளம் பகுதியில் இருந்த பி அண்ட் சி துணி மில்லுக்கு வேலைக்குப் போனவர் என்று உனக்குத் தெரியும். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அலைந்து திரிந்து, அன்னி பெசன்ட் அம்மையாரோடு வேலை பார்த்த பி.பி. வாடியாவைக் கூட்டிவந்தார்கள். அவர் தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மத்தியானம் சாப்பிட அரை மணி நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. கேட்டது பெரிய விஷயமே இல்லை பார். ஆனால் கம்பெனிக்குச் சோற்று நேரத்தைவிடச் சங்கம்தான் பெரிய தொந்தரவாகத் தெரிந்தது. உள்ளே வேலை பார்ப்பவன் வந்து தனியாகக் கேட்டால் பார்க்கலாம், வெளியாளைத் தலைவனாக வைத்துக்கொண்டு வந்தால் பேச மாட்டோம் என்ற நிலை. கதவடைப்பு, துப்பாக்கிச்சூடு எல்லாம் நடந்தது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கினார்கள். கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்தே விலக வேண்டிவந்தது.

அந்தத் தடை உத்தரவு நாடு முழுக்கப் பேச்சாகித்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மேல் அப்படி நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டது: கம்பெனி அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டுமா? 1947-இல் அதற்கும் ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள், நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. மகாராஷ்டிரத்தில் அங்கீகாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் அதுவும் கிடையாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடச் சொல்லி மனு கொடுப்பார்கள்.

இப்போது நிலைமை வேறு. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததை நீயே எனக்குச் சொன்னாய். அதில் தொழில் உறவுச் சட்டத்தில் எங்களுக்குக் கசப்பானது நிறைய இருக்கிறது. எந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்றாலும் 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் சி.எல். போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். 300 பேருக்குக் கீழே இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசிடம் அனுமதி வேண்டாம், முன்பு அது 100. அதையெல்லாம் எங்கள் ஆட்கள் தெருவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் இங்கே இழுக்கவில்லை. ஆனால் யாரோடு பேசுவது என்ற கேள்விக்கு அதே சட்டம் நேராகப் பதில் சொல்கிறது. ஒரே சங்கம் இருந்து, விதிகளில் சொன்ன தகுதியும் இருந்தால், அதைத்தான் அங்கீகரிக்க வேண்டும். பல சங்கம் இருந்தால் 51 சதவீதம் பேர் எதில் இருக்கிறார்களோ அது. எதற்கும் அவ்வளவு இல்லை என்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்களைச் சேர்த்து ஒரு குழு. இதில் ஹெச்.ஆர். மேனேஜர் பொறுக்குகிற கமிட்டிக்கு எங்கே இடம் இருக்கிறது, நீயே சொல்.

வொர்க்ஸ் கமிட்டி என்று, நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்காரும் குழு, சட்டத்திலேயே இருக்கிறதே என்று உங்கள் வக்கீல் சொல்வார். இருக்கிறது. கேன்டீன் சாப்பாடு, குடிதண்ணீர், பஸ் நேரம் மாதிரி விஷயங்களைப் பேசத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கத்தின் இடத்தை அந்தக் கமிட்டி பிடிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1960-லேயே சொல்லிவிட்டது. நார்த்புரூக் சணல் ஆலை வழக்கு. அந்தத் தீர்ப்பை எத்தனையோ மனுக்களில் அடித்திருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சட்டத்தை விடு, நடைமுறைக்கு வா. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். சங்கத்தோடு பேச மாட்டோம் என்று சொல்லிவிட்டு, நிர்வாகமே ஏழெட்டுப் பேரைப் பிடித்து, பழைய தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவில் ஒப்பந்தம் போட்டது. 18(1) என்றால் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அதனால் சூப்பர்வைசர்கள் மெஷின் மெஷினாகப் போய் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டவனுக்கு அரியர்ஸ், போடாதவனுக்குப் பழைய சம்பளம். ஒரே மெஷினில் முதல் ஷிப்டுக்கு ஒரு சம்பளம், இரண்டாம் ஷிப்டுக்கு ஒரு சம்பளம். போட்டவனும் போடாதவனும் ஒரே பஸ்ஸில் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். வழக்கு லேபர் கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு பேச மாட்டேன் என்றதோ அதே சங்கத்தோடு, லேபர் ஆபீஸர் முன்னால் உட்கார்ந்து 12(3) போட்டது. 12(3) எல்லோரையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் இல்லாதவன், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவன் வரைக்கும். சட்டத்தில் பிரிவு எண்கள் இப்போது மாறிவிட்டன, அந்த வித்தியாசம் மாறவில்லை.

அந்த 12(3) பேச்சுவார்த்தைக்கு லேபர் ஆபீஸ் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்துக்கு நானும் போயிருந்தேன், திருத்தங்களைக் குறித்துக்கொள்ள. உற்பத்தி எத்தனை என்பதில் முட்டிக்கொண்டு நின்றது. கன்சல்டன்ட் போட்ட கணக்கைத் தூக்கிக் காட்டினார்கள், ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று. சங்கக் கமிட்டியில் ஒரு டர்னர், லேத் மெஷின் ஓட்டுபவர், இருந்தார், அதிகம் பேசாத ஆள். என்னிடம் ஒரு தாள் வாங்கி, பின்பக்கத்தில் ஷிப்டைக் கோடு போட்டுப் பிரித்தார். மெஷின் ஓடும் நேரம் இவ்வளவு, டூல் மாற்ற இவ்வளவு, வார்ப்பு இரும்புத் துண்டை (காஸ்டிங்) ஏற்றிய டிராலி வரக் காத்திருப்பது இவ்வளவு, சிப்ஸை, அதாவது இரும்புச் சீவலை, வாரிக் கொட்ட இவ்வளவு. "சார், உங்க கணக்குல டிராலியே இல்லியே, காஸ்டிங் பறந்து வருமா?" என்று கேட்டார். நிர்வாகத் தரப்பில் இருந்த இன்ஜினியரே சிரித்துவிட்டார். இரண்டாவது டிராலி வாங்கித் தருவதாகவும், அதற்குப் பிறகு உற்பத்தியை இத்தனை உயர்த்துவதாகவும் எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக்கும் பீஸ் கூடியது, ஆளுக்கும் முதுகு தப்பியது. நிர்வாகம் பொறுக்கிய கமிட்டியில் அந்த டர்னர் இருந்திருக்கவே மாட்டார். எதிர்த்துக் கேட்கிறவர் என்று அவர் பேரை முதலிலேயே அடித்திருப்பார்கள். எதிர்த்துக் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலையும் முழுசாகத் தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது டிரெய்னி. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாள். சம்பளமும் கேட்டார்கள்தான், ஆனால் முதல் சண்டை சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது. நடுவில் கம்பெனி ஒரு தொழிலாளர் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுப் பார்த்தது, போராட்டம் நிற்கவில்லை. பெயரில் சாம்சங் என்று இருக்கலாமா என்ற தகராறெல்லாம் கோர்ட் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பட்டாளத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த வழக்கு சுங்குவார்சத்திரத்தில் திரும்ப நடந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த 37 நாள் உற்பத்தியில் ஒரு பங்கைச் செலவு பண்ணியிருந்தாலும் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும் என்றுதான் தோன்றியது. உன் மேலிடத்துக்கு நியாயம் ஏறவில்லை என்றால் இந்தக் கணக்கையாவது போட்டுக் காட்டு.

சங்கத்தில் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட் மீட்டிங்குக்கு வராமல் கையெழுத்துப் போடும் அன்று சட்டை மாற்றிக்கொண்டு வருகிற தலைவரும் உண்டு. பெரிய தப்பும் நடந்திருக்கிறது. 1921-இல் அதே மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் தாக்குப்பிடிக்க முடியாமல் வேலைக்குத் திரும்பினார்கள். அது சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. அவர்கள் ஏன் தனியாக நின்றார்கள் என்று சங்கம் முதலில் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மே தின மேடைகளில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். தாத்தா பேசுவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. "இவ்வொப்பந்தம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரி எத்தனை ஒப்பந்தங்களில் என் விரலில் வந்திருக்கிறது தெரியுமா? சங்கத்துக்காரர்களும் சேர்ந்துதான் அதற்குத் தலையாட்டினார்கள். உங்கள் லைனில் கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரன்டிஸ் எல்லோரையும் எண்ணினால் நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர்? 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981-இல் சட்டம் போட்டார்கள். அதற்காகவே 480 வருவதற்கு முன்னால் கணக்கை முடித்து, பிரேக் கொடுத்து, திரும்ப எடுக்கிற கம்பெனிகளும் உண்டு. உங்களிடம் அந்தப் பழக்கம் இருந்தால், பேச்சுவார்த்தைக்கு முன்னால் உன் மேலிடத்துக்கு எழுத்தில் எடுத்துச் சொல். சங்கம் கண்டுபிடித்துக் கேட்கும் வரை காத்திருக்காதே.

இன்னொன்று, கணக்கு. ஊதியம் என்றால் என்ன என்பதையே புதிய சட்டம் மாற்றிவிட்டது. அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியம்தான். மாதம் 30,000 ரூபாயில் அடிப்படையும் பஞ்சப்படியும் 11,000, மீதி 19,000 அலவன்ஸ் என்று வைத்துக்கொள். பாதி 15,000. அலவன்ஸில் மிஞ்சுகிற 4,000 ஊதியத்தில் சேர்ந்து 15,000 ஆகிவிடும். பத்து வருஷ கிராஜுவிட்டியைப் பழையபடி 11,000-க்குப் போட்டால் 63,462 ரூபாய், 15,000-க்குப் போட்டால் 86,538. இந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்புக்கும் முதல் நாளே கொடுத்துவிடு. "புதுசா ஏத்தித் தர்றோம்" என்று சட்டப்படி ஏற்கனவே கொடுக்க வேண்டியதை உயர்வாகக் காட்டி விற்காதே. எங்கள் பக்கம் அதைப் பிடித்துவிட்டால் அப்புறம் நீ நிஜம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பட்டியல் போட முடியாது என்று மேலிடத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்பாய். முடியாது என்று சொல்லாதே. சங்கத்திடம் உறுப்பினர் பட்டியலும் பதிவு விவரமும் கேட்டு ஒரு கடிதம் வரைந்து கையெழுத்துக்கு வை. சட்டம் சொல்கிற வழி இது, பின்னால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று குறிப்பு எழுது. பெரும்பாலான மேனேஜர்களுக்கு அந்தக் கடைசி வரி போதும். போதாது என்று சொல்கிற மேனேஜர் என்றால் உன் குறிப்புக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணு.

சம்பளத் தாள், வரைவு எதையும் எனக்கு அனுப்பாதே. அது உன் கம்பெனி ரகசியம், எனக்குச் சங்கத்தின் பக்கம் இன்னும் ஆட்கள் தெரியும். ஷரத்துகளைத் தமிழில் எழுதும்போது வாசகம் தட்டினால் மட்டும் கேள், எந்தக் கம்பெனி என்று கேட்காமல் சொல்லித் தருகிறேன்.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பொங்கலுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டாயா, தட்கலை நம்பிக்கொண்டு இருக்காதே.

அன்புடன்,
அம்மா